"வணக்கம், நல்": ஒரு ஜேசன் கீயைத் தேடியதில் வந்த வினை

முதல் புகார் ஐஃபோன் வைத்திருந்தவரிடமிருந்து வந்தது. எங்களை இரண்டு நாள் தவறான பக்கம் அலையவிட்டது அதுதான்.

சந்திப்பு நேரத்தை முன்பதிவு செய்யும் ஆப் அது. திறந்ததும் மேலே வணக்கம் சொல்லி, பக்கத்தில் பயனரின் பெயரைக் காட்டும். சுயவிவரப் பக்கத்தில் "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று ஒரு கட்டம் உண்டு. விருப்பம் இருந்தால் நிரப்பலாம். விட்டுவிட்டால் முழுப்பெயர் வரும். கோடில் அந்த ஃபீல்டுக்கு வேறு பெயர். இங்கே "அழைப்புப்பெயர்" என்றே வைத்துக்கொள்கிறேன்.

வந்த ஸ்கிரீன்ஷாட்டில் "வணக்கம், நல்" என்று இருந்தது. தமிழில் எழுதும்போது நல்வரவைப் பாதியில் வெட்டியதுபோல அழகாகத்தான் தெரிகிறது. திரையில் இருந்ததோ என், யு, எல், எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கு நிரலில் வைக்கும் சொல் அது. புகாரில் இரண்டாவதாக ஒரு வரியும் இருந்தது: "அழித்துச் சேமித்தேன், மறுபடி வந்துவிட்டது."

முதல் வரியைப் படித்ததும் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினோம். இரண்டாவது வரியை யாரும் சரியாகப் படிக்கவில்லை. அது தனி பக் என்று தெரிய ஒரு வாரம் ஆனது.

சர்வர் மேல் விழுந்த பழி

ஐஃபோன் ஆப் ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது. சர்வர் தகவலை ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்பும்; அதில் ஒவ்வொரு தகவலுக்கும் கீ என்ற பெயரும் ஒரு மதிப்பும் இருக்கும். அந்த ஜேசனை ஆப், கோடபிள் என்ற ஸ்விஃப்ட் வசதி வழியாகப் படிக்கிறது. அழைப்புப்பெயர் அங்கே ஆப்ஷனல் ஸ்ட்ரிங், அதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற எழுத்துத் தொடர். இப்படி அறிவித்தால் கம்பைலர் தானாக எழுதித் தரும் கோட், டிகோட்இஃப்பிரசென்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். கீயே இல்லாவிட்டாலும் நில் (ஸ்விஃப்டில் நல்லுக்குப் பெயர்) கிடைக்கும்; கீ இருந்து அதன் மதிப்பு நல் ஆக இருந்தாலும் நில் கிடைக்கும். இரண்டு நிலையிலும் "நல்" என்ற சொல் திரைக்கு வர வழியே இல்லை. ஐஃபோன் பக்கம் இருந்த தோழர் கோடை ஒரு முறை பார்த்துவிட்டு, "எங்களிடம் இல்லை, சர்வரில் பாருங்கள்" என்று கையைக் கழுவிக்கொண்டார். அவர் சொன்னது சரிதான்.

சர்வரில் அந்தப் பயனரின் தகவலை எடுத்துப் பார்த்தோம்:

{ "ஐடி": 4471, "முழுப்பெயர்": "…", "அழைப்புப்பெயர்": "நல்" }

மேற்கோள்குறியைக் கவனியுங்கள். இது ஜேசனின் நல் இல்லை. நான்கு எழுத்து உள்ள ஒரு ஸ்ட்ரிங். டேட்டாபேஸிலேயே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஐஃபோன் ஆப் வந்ததை வந்தபடி காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் சர்வரில் எழுதியது யார்? சர்வர் குழுவினர் தங்கள் கோடில் நல்லை ஸ்ட்ரிங்காக மாற்றும் இடம் ஒன்றாவது இருக்குமா என்று தேடினார்கள். இல்லை. ஒரு நாள் அதிலேயே போனது. அப்புறம் ஒருவர் மாற்றப் பதிவேட்டைத் திறந்தார். எந்த ஃபீல்ட் எப்போது எதிலிருந்து எதுவாக மாறியது, எந்த ஆப் வழியாக என்பதெல்லாம் அதில் வரும். முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். 4471 எண்ணுக்கான வரி தெளிவாக இருந்தது: முன்பு காலி, பிறகு "நல்", வழி ஆண்ட்ராய்ட். புகார் கொடுத்தவர் வீட்டில் ஒரு ஆண்ட்ராய்ட் டேப்லெட்டும் வைத்திருக்கிறார். அதில் தன் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமித்த அதே நொடியில் இந்தப் பெயரும் சேர்ந்து போயிருக்கிறது.

ஆக, எழுதியது ஆண்ட்ராய்ட், காட்டிக்கொடுத்தது ஐஃபோன்.

அந்த ஒரு வரி

ஆண்ட்ராய்ட் ஆப் கொஞ்சம் பழையது. சுயவிவரப் பகுதி மட்டும் ஆண்ட்ராய்டோடு கூடவே வரும் ஜேசன்ஆப்ஜெக்ட் வகுப்பை நேரடியாகப் பயன்படுத்தியது. குற்றவாளி வரி இது:

பெயர் = பயனர்.ஆப்ட்ஸ்ட்ரிங்("அழைப்புப்பெயர்")

அதற்குக் கீழே, பெயர் காலியாக இருந்தால் முழுப்பெயரை எடுத்துக்கொள் என்று ஒரு இஃப். படிக்கிற யாருக்கும் இதில் தவறு தெரியாது. ஆப்ட் என்றால் விருப்பத்துக்குரியது. இருந்தால் தரும், இல்லாவிட்டால் காலி ஸ்ட்ரிங் தரும். ஆவணமும் அப்படித்தான் சொல்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆண்ட்ராய்டின் ஜேசன்ஆப்ஜெக்ட் தன் கீகளையும் மதிப்புகளையும் ஒரு லிங்க்ட்ஹாஷ்மேப்பில் (கீயைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணை) வைத்திருக்கிறது. ஜாவாவின் நல் அந்த மேப்பில் "இப்படி ஒரு கீ இல்லை" என்பதற்கான அடையாளம். அப்படியானால் ஜேசன் எழுத்தில் வெளிப்படையாக வந்த நல்லை எப்படிக் குறிப்பது? அதற்காகத் தனியாக ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதற்கும் நல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜேசன்ஆப்ஜெக்ட்.நல். அது உண்மையான நல் இல்லை. நல் வேடம் போட்ட ஆப்ஜெக்ட். யாராவது அதனிடம் "நீ ஜாவா நல்லுக்குச் சமமா?" என்று ஈக்வல்ஸ் வழியாகக் கேட்டால் ஆமாம் என்கும். "உன்னை ஸ்ட்ரிங்காகச் சொல்" என்றால் அந்த நான்கு எழுத்தை நீட்டும்.

ஆப்ட்ஸ்ட்ரிங் இப்போது மேப்பில் கீயைத் தேடுகிறது. கீ கிடைக்கிறது. மதிப்பு ஒரு ஆப்ஜெக்ட், ஜாவா நல் இல்லை. சரி, ஸ்ட்ரிங் இல்லையென்றால் ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று மாற்றுகிறது. கையில் வருவது "நல்". அதன் நீளம் நான்கு. காலியா என்று கேட்கும் இஃப் இல்லை என்கிறது. திரை வணக்கம் சொல்கிறது.

கெட்ஸ்ட்ரிங் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்போமா என்றால் அதுவும் இல்லை. கீ இல்லாதபோதுதான் அது எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறியும். கீ இருந்து மதிப்பு நல் என்றால், அதுவும் இதே நான்கு எழுத்தை எடுத்துக் கொடுக்கும்.

இத்தனை வருடம் ஏன் வெளிவரவில்லை? சர்வர் முன்பு காலி ஃபீல்டுகளை அனுப்பாது. அழைப்புப்பெயர் இல்லாத பயனருக்கு அந்தக் கீயே ரெஸ்பான்ஸில் இருக்காது. சமீபத்தில் ஃப்ரேம்வொர்க்கை மேம்படுத்தியபோது, நல் ஆன ஃபீல்டுகளைத் தவிர்க்கும் அமைப்பு விட்டுப்போயிருக்கிறது. அன்றிலிருந்து கீ வருகிறது, மதிப்பு நல் ஆக வருகிறது. சர்வர் குழுவைக் கேட்டபோது, "இல்லாத பெயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை, என்ன மாறியது?" என்றார்கள். அவர்கள் கண்ணில் எதுவுமே மாறவில்லை. பேச்சில் ஒரே "இல்லை"தான். ஆனால் ஜேசனில் கீ இல்லாமல் இருப்பது ஒன்று, கீ இருந்து நல் ஆக இருப்பது இன்னொன்று, காலி ஸ்ட்ரிங் மூன்றாவது. எங்கள் ஆப் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பார்த்து வளர்ந்தது.

சேதம் காட்டுவதோடு நிற்கவில்லை. திருத்தும் பக்கம் திறக்கும்போது கட்டத்தில் அதே "நல்" நிரம்பும். பயனர் வேறு எதையாவது மாற்றிவிட்டுச் சேமி என்று அழுத்தினால், கட்டத்தில் இருந்ததெல்லாம் சர்வருக்குப் போகும். படிப்பதில் இருந்த ஒரு சின்னக் குறை இப்படித்தான் டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதிந்தது. ஆண்ட்ராய்ட் பக்கமே வராத பயனரின் கணக்கில் இது நடக்காது; ஒரு முறை வந்து சேமித்துப் போனவரை எந்தக் கருவியிலும் துரத்தும்.

டெஸ்ட் ஏன் பச்சையாக இருந்தது

இந்த வழக்கில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி இது. அந்த வரிக்கு யூனிட் டெஸ்ட் (கோடின் ஒரு சிறு பகுதியைத் தானாகச் சோதிப்பது) இருந்தது. அதுவும் சரியாக இந்த நிலைக்கே: கீ இருக்கிறது, மதிப்பு நல், எதிர்பார்ப்பு காலி ஸ்ட்ரிங். டெஸ்ட் எழுதியவர் இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்திருக்கிறார். டெஸ்ட் ஒவ்வொரு முறையும் தேறியது. ஃபோனில் மட்டும் தோற்றது.

ஆண்ட்ராய்டின் யூனிட் டெஸ்டுகள் ஃபோனில் ஓடுவதில்லை. கம்ப்யூட்டரில் ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மில் ஓடுகின்றன. அங்கே கிடைக்கும் ஆண்ட்ராய்ட் லைப்ரரி வெறும் கூடு. ஃபங்ஷன் பெயர்கள் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கூப்பிட்டால் "மாக் செய்யவில்லை" (போலி ஒன்றை நிரப்பவில்லை) என்று எக்ஸெப்ஷன் விழும். ஜேசன்ஆப்ஜெக்டும் ஆண்ட்ராய்டின் ஒரு பகுதி என்பதால் அதற்கும் அதே கதி. இந்த எக்ஸெப்ஷனைப் பார்த்ததும் எல்லோரும் செய்வதைத்தான் எங்கள் குழுவும் செய்தது. மேவன் என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கும் ஜேசன்-ஜாவா லைப்ரரியை டெஸ்டுக்கு மட்டும் சேர்த்தது. பேக்கேஜ் பெயர் ஒன்று, வகுப்பின் பெயர் ஒன்று, ஃபங்ஷன் பெயர்களும் ஒன்று. டெஸ்ட் ஓடியது.

ஆனால் இரண்டும் ஒரே லைப்ரரி இல்லை. ஜேசன்-ஜாவாவின் பழைய உரிமத்தில், மென்பொருளை நல்லதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீயதற்குக் கூடாது என்று ஒரு வாசகம் இருந்தது. விளையாட்டாகத் தெரிந்தாலும், கட்டற்ற மென்பொருள் உரிமம் என்று அதை ஏற்றுக்கொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் அந்த வாசகம்தான். ஆண்ட்ராய்ட் தன் பதிப்பைத் தானே எழுதிக்கொண்டது. அந்த மூலக்கோடின் குறிப்பிலேயே, கட்டற்றதல்லாத மூலத்தைப் பார்க்காமல் எழுதப்பட்டது என்று இருக்கிறது. வெளியே தெரியும் முகம் ஒன்று, உள்ளே இரண்டு பேர் தனித்தனியாக எடுத்த முடிவுகள்.

இந்த இடத்தில் அந்த முடிவுகள் நேர் எதிர். ஜேசன்-ஜாவாவின் ஆப்ட்ஸ்ட்ரிங், கிடைத்த மதிப்பு அந்த வேடதாரி நல்தானா என்று கேட்டுப் பார்க்கும். ஆமென்றால் காலி ஸ்ட்ரிங்கைத் தரும். ஆண்ட்ராய்ட் அதைக் கேட்பதில்லை. கெட்ஸ்ட்ரிங்கிலும் வேறுபாடு உண்டு. மதிப்பு எண்ணாக இருந்தால் ஆண்ட்ராய்ட் அதை ஸ்ட்ரிங்காக மாற்றித் தந்துவிடும். ஜேசன்-ஜாவா இது ஸ்ட்ரிங் இல்லை என்று எக்ஸெப்ஷன் எறியும்.

எங்கள் டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நாங்கள் வெளியிடாத ஒரு லைப்ரரியைப் பற்றி உண்மை சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது இந்த டெஸ்டுகளை ரோபோலெக்ட்ரிக்கில் ஓட்டுகிறோம். அது ஆண்ட்ராய்டின் உண்மையான கோடையே ஜேவிஎம்மில் கொண்டுவருகிறது. மாற்றிய அன்றே அந்தப் பழைய டெஸ்ட் சிவப்பானது. இன்னும் மூன்று டெஸ்டுகள் அதோடு சேர்ந்துகொண்டன.

திருத்தம், இரண்டு முறை தப்பாக

அவசரத்தில் எழுதிய முதல் திருத்தம்: ஆப்ட்ஸ்ட்ரிங்குக்கு முன்னால் ஹேஸ் என்று கேட்பது. கீ இருந்தால் மட்டும் எடு. பக் அப்படியே இருந்தது. கீ இருக்கிறதே! ஹேஸ் கேட்பது கீ மேப்பில் உண்டா என்பதை மட்டும். மதிப்பு நல்லா என்று அது பார்ப்பதில்லை.

இரண்டாவது திருத்தம் இன்னும் மோசம். வந்த ஸ்ட்ரிங் "நல்" என்ற நான்கு எழுத்துக்குச் சமமாக இருந்தால் காலியாக எடுத்துக்கொள். வேலை செய்தது, டெஸ்ட் தேறியது, ரிவ்யூவுக்கு வந்தது. ரிவ்யூ செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதைப் பெயராகவே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே?" உண்மை. நல் என்பது உலகில் இருக்கும் குடும்பப்பெயர். அவர்கள் இணையப் படிவங்களோடு படும் பாடு நிரலாளர்கள் நடுவே பழைய கதை. ஒரு பக்கை மறைக்க அவர்கள் பெயரை அழிக்கக் கூடாது. திருத்தம் திரும்பப் போனது.

சரியான கேள்வி இஸ்நல். கீ இல்லாவிட்டாலும் ஆம் என்கும், மதிப்பு ஜேசன் நல் ஆக இருந்தாலும் ஆம் என்கும். மேற்கோள்குறிக்குள் வரும் "நல்" என்ற ஸ்ட்ரிங்குக்கு இல்லை என்கும். ஆண்ட்ராய்ட் ஆப் எழுதப் பயன்படும் கோட்லின் மொழியில் சின்னதாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன் எழுதினோம்: இஸ்நல் என்றால் கோட்லின் நல்லைத் திருப்பு, இல்லாவிட்டால் கெட்ஸ்ட்ரிங். ஆப்ட்ஸ்ட்ரிங் கோடில் வேறு எங்கேயும் வரக் கூடாது என்று லின்ட் (கோடைத் தானாகச் சரிபார்க்கும் கருவி) விதி ஒன்றும் போட்டோம். திருப்புவது நல் ஆகலாம் என்று கோட்லினின் டைப்பே சொல்வதால், அந்த இஃபை எழுத மறந்தால் கம்பைலர் விடாது. காலி ஸ்ட்ரிங் என்ற நடுவழி சமரசத்தை விட இது மேல் என்பது என் கருத்து. காலி ஸ்ட்ரிங், இல்லாததை இருப்பதுபோலக் கையில் கொடுத்துவிடுகிறது. யாரும் எதுவும் கேட்காமல் அது கோட் முழுக்கப் பயணம் செய்யும்.

அழித்தாலும் திரும்பி வந்தது ஏன்

புகாரின் இரண்டாவது வரிக்கு இப்போதுதான் வந்தோம். கட்டத்தை அழித்துச் சேமித்தாலும் பழைய பெயர் திரும்பி வருகிறது. படிப்பதைச் சரிசெய்த பிறகும் இது அப்படியே இருந்தது. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும்.

சுயவிவரத்தை மாற்ற எங்கள் சர்வர் பின்பற்றுவது ஜேசன் மெர்ஜ் பேட்ச். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தரநிலை. அதன் விதி சுருக்கமானது: அனுப்பும் ஜேசனில் ஒரு கீ இல்லாவிட்டால் அந்த ஃபீல்டைத் தொடாதே, கீ இருந்து நல் என்றால் அதை நீக்கு. படிக்கும்போது இரண்டு "இல்லை"களையும் ஒன்றாகப் பார்ப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. எழுதும்போது அவை எதிரெதிர்க் கட்டளைகள்.

ஆண்ட்ராய்ட் கோட், கட்டம் காலியாக இருந்தால் நல் என்று வைத்து, கீயில் மதிப்பை எழுதும் புட் ஃபங்ஷனைக் கூப்பிட்டது. ஜேசன்ஆப்ஜெக்டின் புட்டுக்கு ஜாவா நல்லைக் கொடுத்தால், அது நல் என்று எழுதாது. அந்தக் கீ இருந்தால் அதையும் எடுத்துவிடும். நீக்கு என்று சொல்ல நினைத்தோம். போய்ச் சேர்ந்தது தொடாதே. அந்த வேடதாரி ஜேசன்ஆப்ஜெக்ட்.நல்லைக் கொடுத்தால்தான் எழுத்தில் நல் வரும். படிக்கும்போது எங்களைக் கவிழ்த்த அதே ஆப்ஜெக்ட், எழுதும்போது இல்லாமல் முடியாது.

கையைக் கழுவிய ஐஃபோன் தோழருக்கும் இங்கே வேலை வந்தது. கோடபிளில் கம்பைலர் தானாக எழுதும் என்கோட் பகுதி, ஆப்ஷனலுக்கு என்கோட்இஃப்பிரசென்ட் என்பதைக் கூப்பிடுகிறது. நில் என்றால் கீயையே விட்டுவிடும். ஆண்ட்ராய்டில் நடந்ததே ஸ்விஃப்ட் வழியாகவும். அவர் என்கோட் ஃபங்ஷனைக் கையால் எழுதி, அந்த ஃபீல்டுக்கு மட்டும் இஃப்பிரசென்ட் இல்லாத என்கோடைக் கூப்பிட்டார். ஆப்ஷனல் நில்லாக இருந்தால் அது நல் என்று எழுதும். பிறகு அதையும் மாற்றி மூன்று நிலை உள்ள ஈனம் (enum, குறிப்பிட்ட சில நிலைகளை மட்டும் ஏற்கும் டைப்) ஒன்றை வைத்தார்: தொடாதே, நீக்கு, இந்த மதிப்பை வை. இரண்டு நிலை மட்டுமே உள்ள ஆப்ஷனலில் மூன்று செய்தியைத் திணிக்க முடியாது என்பதால் எனக்கு இது பிடித்திருந்தது.

பெயரை அழிக்கும் வசதி ஆப் வெளிவந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை என்பதும் இதில் தெரிந்தது. வைத்த பெயரை அழிக்க விரும்பியவர்கள் குறைவு போலும். வேண்டாத ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் ஆட்கள் அழிக்கப் பார்த்தார்கள்.

டைப் வைத்தால் தீருமா

இவ்வளவுக்கும் பிறகு, கையால் தேடும் கோடை விட்டுவிட்டு எல்லாவற்றையும், ஃபீல்டுகளை டைப்போடு அறிவிக்கும் டேட்டா கிளாஸ்களாக மாற்றலாம் என்று குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மாற்றியும் வருகிறோம். ஆனால் தேடல் அதனால் ஒழிவதில்லை. லைப்ரரிக்குள் போகிறது, அவ்வளவுதான். அதன் முடிவுகளையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், ஜேசனைக் கிளாஸாக மாற்றித் தரும் ஜிசன் லைப்ரரியைப் பார்த்தோம். அது கோட்லினின் நல் பாதுகாப்பை அறியாது. நல் ஆகாது என்று அறிவித்த ஃபீல்டிலும் நல்லை வைத்துவிடும். கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டி ஆப்ஜெக்டை உருவாக்கும் சூழ்நிலைகளில், நாம் எழுதிய இயல்பு மதிப்புகளும் (டிஃபால்ட்) வராது. இன்னொன்று, ஜிசன் கீயை ஃபீல்டின் பெயரை வைத்துத் தேடுகிறது. வெளியீட்டுப் பதிப்பில் கோடைச் சுருக்கும் ஆர்8 கருவி அந்தப் பெயர்களைச் சுருக்கி ஓரெழுத்தாக்கிவிட்டால், ஃபீல்டுக்கு மேலே சீரியலைஸ்ட்நேம் என்று கீயை எழுதிவைக்காதவர்களுக்கு எல்லாமே நல் ஆக வரும். டெவலப்பர் கையில் ஓடும் பதிப்பில் எதுவும் தெரியாது.

அதே வேலையைச் செய்யும் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தோம். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. அழைப்புப்பெயரை நல் ஆகலாம் என்று மட்டும் அறிவித்தால், கீ கட்டாயம் வர வேண்டும் என்று அது எடுத்துக்கொள்ளும். கீ இல்லாவிட்டால் எக்ஸெப்ஷன். நல் என்பதை இயல்பு மதிப்பாகவும் கொடுத்தால் இரண்டு நிலையையும் பொறுத்துக்கொள்ளும். நல்லதுதானே என்று அதையே எழுதவும் பயன்படுத்தினால் பழைய கதை திரும்பும். இயல்பு மதிப்பாகவே இருக்கும் ஃபீல்டை இந்த லைப்ரரி தானாக எழுதாது. கீ போகாது, சர்வர் தொடாது. அதனால் படிக்க ஒரு கிளாஸ், மாற்றம் அனுப்ப இயல்பு மதிப்பு இல்லாத வேறொரு கிளாஸ் என்று பிரித்தோம். ஒரே கிளாஸை இரண்டுக்கும் வைப்பது சிக்கனம் போலத் தெரியும். செய்யாதீர்கள்.

தேடும்போது அகப்பட்ட மற்றவை

ஆப்ட் என்று தொடங்கும் எல்லா இடங்களையும் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தோம். பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. இரண்டு மட்டும் சொல்லத் தக்கவை.

ஒன்று ஆப்ட்பூலியன். சர்வரின் ஒரு பழைய பகுதி, "உண்டு", "இல்லை" என்பதற்கு 1, 0 என்று அனுப்பும். ஆண்ட்ராய்டின் ஆப்ட்பூலியன் பூலியனையும் (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு உள்ள டைப்), "ட்ரூ" என்று எழுதிய ஸ்ட்ரிங்கையும் ஏற்கும். எண் 1 வந்தால் ஏற்காது. சத்தமே இல்லாமல் ஃபால்ஸ் தரும். ஒரு அறிவிப்பு அமைப்பு எப்போதும் அணைந்தே இருந்ததன் ரகசியம் இது.

மற்றது ஐடிகள். ஜேசனுக்கான ஆர்எஃப்சி 8259, முழு எண்களை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் படிக்க முடிவது 9007199254740991 வரைதான் என்று எச்சரிக்கிறது. பல மொழிகள் எண்ணை டபுளாக (தசம எண்களுக்கான டைப்) வைத்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் சர்வர் அதற்காகப் பெரிய ஐடிகளை ஸ்ட்ரிங்காக அனுப்பியது. நல்ல பழக்கம். ஆப்பில் ஒருவர் அதை ஆப்ட்லாங் கொண்டு எடுத்திருந்தார். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரிங்காக வந்ததை லாங்காக (பெரிய முழு எண்களுக்கான டைப்) கேட்டால், உள்ளே அதை முதலில் டபுளாகப் படித்துத்தான் லாங்காக வெட்டுகிறார்கள். "9007199254740993" என்று வந்தது கையில் 9007199254740992 ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகவே வந்திருந்தால் ஆண்ட்ராய்ட் அதை முதலில் லாங்காகப் படித்து ஒழுங்காகவே வைத்திருக்கும். பாதுகாப்புக்குப் போட்ட மேற்கோள்குறியே காலை வாரியது. ஸ்ட்ரிங்காக வந்ததை ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்வது என்று முடித்தோம். ஐடியைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமா என்ன?

ஒரு கிளைக்கதை, தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். கீகளைத் தமிழில் வைக்க ஜேசன் தடை சொல்வதில்லை. ஆனால் "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒற்றைக் குறியாக ொ, அல்லது ெ, ா என்று இரண்டு குறிகள். கண்ணுக்கு ஒன்றே. ஸ்விஃப்ட் ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும்போது இவை இரண்டையும் சமம் என்றே கொள்ளும். கோட்லினும் ஜாவாவும் வேறு வேறு என்கும். அதாவது ஐஃபோனில் அகப்படும் கீ ஆண்ட்ராய்டில் அகப்படாமல் போகலாம், திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. எங்கள் கீகள் ஆங்கிலத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

டேட்டாபேஸைச் சுத்தம் செய்தது

கோட் சரியான பிறகும் "நல்" என்ற ஸ்ட்ரிங்குகள் டேட்டாபேஸில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் காலியாக்கிவிடலாம் என்ற யோசனை வந்தது. ரிவ்யூவில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்ததால் நின்றது. பதிலாக, மாற்றப் பதிவேட்டை வைத்து மூன்று நிபந்தனை போட்டோம். அதற்கு முந்தைய மதிப்பு காலியாக இருந்திருக்க வேண்டும். மாற்றம் ஆண்ட்ராய்ட் வழியாக வந்திருக்க வேண்டும். அது சர்வர் நல்லை அனுப்பத் தொடங்கிய தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்திய வரிகளை மட்டும் உண்மையான நல்லாக மாற்றினோம். ஓட்டுவதற்கு முன் பட்டியலை அச்சிட்டு இரண்டு பேர் கண்ணால் பார்த்தார்கள்.

சர்வர் குழுவோடும் பேசி முடிவெடுத்தோம். ரெஸ்பான்ஸில் எல்லா ஃபீல்டும் எப்போதும் வரும், இல்லாததற்கு நல். பழையபடி கீயைத் தவிர்க்கச் சொல்லலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். கீ வராமல் போனால், மதிப்பு இல்லையா அல்லது கீயின் பெயரை யாரோ தப்பாக எழுதிவிட்டார்களா என்று ஆப்புக்குத் தெரியாது. எப்போதும் வரும் என்ற பேச்சு இருந்தால், வராத கீயை உடனே பிழையாகப் பதிவு செய்யலாம். பழைய ஆப் பதிப்புகளுக்கு மட்டும், அவை ஓயும்வரை, அழைப்புப்பெயர் காலியாக இருந்தால் கீயைத் தவிர்த்து அனுப்புகிறார்கள்.

சுத்தம் செய்து முடித்ததும் மீண்டும் ஒரு முறை தேடினோம். அழைப்புப்பெயர் "நல்" என்று ஒரே ஒரு வரி மிஞ்சியது. முதல் எழுத்து பெரிய எழுத்து. கணக்கு இந்த பக்குக்குப் பல வருடம் முந்தையது. பெயர் கணக்குத் தொடங்கிய அன்றே ஐஃபோனிலிருந்து எழுதப்பட்டது. முழுப்பெயர் கட்டத்திலும் கடைசிச் சொல் அதுவே. அந்த வரியை நாங்கள் தொடவில்லை.